மேமோகிராமை (மார்பக எக்ஸ்ரே) ஏஐ பார்த்தால்: கேள்வி பதில்

கேள்வி: ரிப்போர்ட்டில் ஏஐ ஸ்கோர் 8 என்று இருக்கிறது. 80 சதவீதம் புற்றுநோய் என்று அர்த்தமா சார்?

இல்லைம்மா. டிரான்ஸ்பாரா போன்ற, மேமோகிராமைப் பார்க்கும் ஏஐ சாஃப்ட்வேர் தரும் 1 முதல் 10 வரையிலான எண், எந்தப் படத்தை முதலில் கவனிக்க வேண்டும் என்று தரம் பிரிப்பதற்கு. ஸ்கிரீனிங்குக்கு (அறிகுறி இல்லாதவர்களுக்கு எடுக்கும் பரிசோதனை) வரும் படங்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு 10-இல் விழும். ஆயிரம் பேரில் ஐந்தாறு பேருக்குத்தான் புற்று இருக்கும். அத்தனையும் 10-இலேயே விழுந்தாலும், அந்த நூறு பேரில் 94 பேருக்கு ஒன்றும் இருக்காது. உங்களுடையது 8, அதற்கும் கீழே.

கேள்வி: ஸ்வீடனில் டாக்டரே பார்ப்பதில்லையாமே?

தவறான தகவல். அங்கே ஒவ்வொரு படத்தையும் இரண்டு ரேடியாலஜிஸ்ட் (படம் வாசிக்கும் டாக்டர்) பார்ப்பது வழக்கம். மேமோகிராமில் ஏஐயைச் சோதித்த மசாய் என்ற ஸ்வீடன் ஆய்வின் ஏஐ பிரிவில், ஸ்கோர் 1 முதல் 9 வரை வந்தவற்றை ஒருவரும், 10 வந்தவற்றை இருவரும் பார்த்தார்கள். 80,000 பெண்களை வைத்து 2023-இல் வெளியான முதல் முடிவில், ஏஐ பிரிவில் 244 பேருக்கும் வழக்கமான பிரிவில் 203 பேருக்கும் புற்று கண்டுபிடிக்கப்பட்டது. படம் வாசிக்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது.

கேள்வி: ஃபிலிமை மொபைலில் படம் பிடித்து ஆப்பில் போடலாமா?

வேண்டவே வேண்டாம். மார்பகத்தில் படிந்து, புற்றோ என்று சந்தேகப்பட வைக்கும் சுண்ணாம்புத் துகள் அரை மில்லிமீட்டருக்கும் சிறியதாக இருக்கும். மெஷின் தரும் டைகாம் கோப்பில் (மருத்துவப் படங்களுக்கான கோப்பு வகை) பொதுவாக 4,096 சாம்பல் நிறப் படிகள். மொபைல் படத்தில் 256. வாட்ஸ்ஆப் அதையும் நசுக்கிவிடும். சென்டரில் படங்கள் பதிந்த சிடி (டிஸ்க்) கேட்டு வாங்குங்கள். பழைய படங்கள் இருந்தால் அவற்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

கேள்வி: டெக்னீஷியன் நான். புது மெஷின் வந்த பிறகு ஏஐ கண்டதற்கெல்லாம் குறி போடுகிறது. ஏன்?

முதலில் அக்குளைப் பாருங்கள். டால்கம் பவுடரும் டியோடரன்ட்டும் படத்தில் துகள் மாதிரியே வெள்ளைப் புள்ளிகளாக விழும். துடைத்துவிட்டு மறுபடி எடுத்தால் புள்ளி மறைந்துவிடும். தோல் மடிப்பு, ரத்தக்குழாய்ச் சுவரின் சுண்ணாம்பு ஆகியவையும் ஏமாற்றும். இவை எதுவும் இல்லையென்றால், சாஃப்ட்வேர் கேட்கும் வகைப் படம்தான் போகிறதா என்று பாருங்கள்: மூலப்படமா, மெருகேற்றிய படமா? மெருகேற்றும் முறை ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. பயாப்ஸியில் (திசு எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) புற்று என்று உறுதியான பழைய கேஸ்களையும், இரண்டு வருடம் தாண்டியும் நோய் வராத கேஸ்களையும் ஓட்டிப் பார்க்காமல் புது மெஷினை ஏஐயோடு இணைக்கக் கூடாது. இதைத்தான் பல இடங்களில் தவிர்த்துவிடுகிறார்கள்.

கேள்வி: டாக்டர் முதலில் ஏஐ குறியைப் பார்க்கலாமா?

தானே பார்த்து முடித்த பிறகு குறியைத் திறப்பது நல்லது. முதலிலேயே திறந்தால் கண் அங்கேயே போய் நிற்கும்; குறி இல்லாத மூலை தப்பிவிடும்.

கேள்வி: கையில் கட்டி தட்டுப்படுகிறது, ஏஐ ஒன்றுமில்லை என்கிறது. விட்டுவிடலாமா?

கூடாது. அடர்த்தியான மார்பகத்தில் கட்டியும் வெள்ளை, திசுவும் வெள்ளை. லோபுலார் (பால் சுரப்பியில் தொடங்கும்) வகைப் புற்று பல சமயம் கட்டியாகத் திரளாமல் இழை இழையாகப் பரவும். மேமோகிராமிலேயே தெரியாததை ஏஐ எப்படிக் காட்டும்? அல்ட்ராசவுண்ட் எடுங்கள், அதிலும் சந்தேகம் என்றால் ஊசி பயாப்ஸி. ஸ்கோரைப் பார்த்து அதைத் தள்ளிப்போடாதீர்கள்.