ஆளை மாற்றினால் போதுமா?

அன்புள்ள ஐயா,

ஆட்சியில் இருக்கும் தலைவர் மேல் மக்களுக்கு வெறுப்பு ஏறிவிட்டது, அது கட்சிக்கே தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தேர்தலுக்கும் அவரையே நிறுத்துவதா, வேறு ஆளைக் கொண்டுவருவதா? நண்பர்களோடு இதைப் பேசி இரண்டு முறை சண்டையே வந்துவிட்டது. மாற்றினால் நம் ஆட்சி சரியில்லை என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்கிறார் ஒருவர். தோற்பார் என்று தெரிந்தே ஒருவரை நிறுத்துவது தற்கொலை என்கிறார் இன்னொருவர். 2024இல் பைடன் விலகியும் ஜனநாயகக் கட்சி தோற்றது. ட்ரூடோ விலகியபின் 2025இல் கனடாவின் லிபரல் கட்சி ஜெயித்தது. எதை எடுத்துக்கொள்வது? பதவியில் இருப்பவருக்கு எதிராகச் சொந்தக் கட்சியிலேயே ஒருவர் கிளம்பினால் தோல்வி உறுதி என்று ஒரு கணக்கும் சொல்கிறார்கள். அது சரிதானா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர்கள் இருவரும் ஆளை வைத்தே சண்டை போட்டிருக்கிறார்கள். நானாக இருந்தால் ஆளைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, அவர் மேல் வெறுப்பு எதனால் வந்தது என்று முதலில் பார்ப்பேன். போர், வரி, விலைவாசி, ஊழல், முதுமை என்று ஏதோ ஒன்று இருக்கும். ஆள் போகும்போது அதுவும் கூடவே போகிறதா? எனக்குத் தெரிந்து மிச்சமெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

1968 மார்ச் 12 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில், ஜனநாயகக் கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்திய உட்கட்சித் தேர்தலில், வியட்நாம் போரை எதிர்த்து நின்ற யூஜின் மெக்கார்த்தி 42 சதவீதம் வாங்கினார். அதிபர் லிண்டன் ஜான்சனுக்கு 49. முதலிடம் ஜான்சனுக்குத்தான், ஆனால் பதவியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தோல்விக்குச் சமம். அந்த மாதம் 31ஆம் தேதி இரவு தொலைக்காட்சியில் வியட்நாம் பற்றி நீளமாகப் பேசிவிட்டு, கடைசியில் கட்சி தன்னை வேட்பாளராக அறிவித்தாலும் ஏற்கமாட்டேன் என்று சொல்லி முடித்துக்கொண்டார். ஆள் மாறியாயிற்று. அடுத்து வந்தவர் துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி. போரைப் பற்றி ஜான்சனுக்கு மனவருத்தம் தரும்படி ஒரு வார்த்தை பேச அவருக்குத் துணிவில்லை. போகிற கூட்டத்தில் எல்லாம் போர் எதிர்ப்பாளர்கள் கூச்சல் போட்டு அவரைப் பேசவே விடவில்லை. செப்டம்பர் கடைசியில் கருத்துக்கணிப்பில் குடியரசுக் கட்சியின் நிக்சனைவிட ஏறத்தாழ 15 புள்ளி பின்னால் கிடந்தார்.

செப்டம்பர் 30 அன்று சால்ட் லேக் சிட்டியில் ஒரு தொலைக்காட்சி உரை. அவர் பேசிய மேடையில் துணை அதிபரின் முத்திரை இல்லை. எடுத்துவிட்டிருந்தார்கள். அமைதிக்காக வடக்கு வியட்நாம் மீதான குண்டுவீச்சை நிறுத்தத் தயார் என்று அன்றுதான் வாயைத் திறந்து சொன்னார். அதுவும் சுற்றி வளைத்து, ஏகப்பட்ட நிபந்தனைகளோடுதான். அதற்கே கூட்டங்களில் கூச்சல் அடங்கியது. இடைவெளி வாரத்துக்கு வாரம் சுருங்கியது. தேர்தல் நாளில் நிக்சனுக்கு 43.4 சதவீதம், ஹம்ஃப்ரிக்கு 42.7. இடையில் கிடைத்தது ஐந்தே வாரம். அந்தப் பேச்சை ஆகஸ்டில் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அமெரிக்கர்கள் இன்னமும் பேசிக்கொள்கிறார்கள். நானும் அப்படிப் பேசுகிறவன்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு 2024க்கு வாருங்கள். ஜூன் 27 அன்று அட்லாண்டாவில் நடந்த விவாதத்தில் பைடன் தடுமாறியதை எல்லோரும் பார்த்தோம். ஜூலை 21 அன்று விலகினார். கமலா ஹாரிஸுக்கு மிஞ்சியது 107 நாள். பைடனின் முதுமை அவரோடு போய்விட்டது, சரி. விலைவாசிக் கோபம் போகவில்லை. அக்டோபரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், கடந்த நான்கு ஆண்டுகளில் பைடனிடமிருந்து மாறுபட்டு எதைச் செய்திருப்பீர்கள் என்று அவரைக் கேட்டார்கள். பகைவர் கேட்ட கேள்வி இல்லை, ஆதரவான மேடை. அப்படி எதுவும் தோன்றவில்லை என்றார். பிறகு வேறு ஏதேதோ சேர்த்துச் சொன்னார், ஆனால் டிரம்ப் தரப்புக்கு அந்த முதல் வரியே போதுமாக இருந்தது. விளம்பரமாகப் போட்டுப் போட்டுக் காட்டினார்கள். துணை அதிபராக இருந்துகொண்டு தன் அதிபரைக் குறைசொல்வது எளிதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஹம்ஃப்ரிக்கும் அதே சிக்கல்தான். ஆனாலும் அவர் அந்த முத்திரையை எடுக்கச் சொன்னார்.

கனடா இதற்கு நேர் எதிர். ட்ரூடோவுக்குப் பதிலாக வந்த மார்க் கார்னி அதுவரை எந்தத் தேர்தலிலும் நின்றதே இல்லை. 2025 மார்ச் 14 அன்று பதவியேற்ற அன்றே, முதல் அமைச்சரவைக் கூட்டத்திலேயே, கேமராக்கள் முன்னால் கையெழுத்துப் போட்டுப் பொதுமக்கள் வாங்கும் எரிபொருள் மீதான கார்பன் வரியை எடுத்தார். ட்ரூடோ ஆட்சி மேல் எதிர்க்கட்சி ஆண்டுக்கணக்கில் அடித்துக்கொண்டிருந்த ஆணி அது. வரியே இல்லை என்றால் வரியை ஒழிப்போம் என்ற முழக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஏப்ரல் 28 தேர்தலில் லிபரல் கட்சி பெரும்பான்மையைத் தொடாவிட்டாலும் ஆட்சியைத் தக்கவைத்தது. கனடாவை 51ஆவது மாநிலமாக்குவேன் என்று டிரம்ப் மிரட்டியது கார்னிக்குப் பெரிய உதவி. ஆனால் ட்ரூடோவே நின்றிருந்தால் அந்த உதவி இந்த அளவு பலித்திருக்காது என்பது என் கணிப்பு.

பிரிட்டனிலும் இப்படித்தான். பிரதமர் தாட்சர் மீதான கோபம், ஆளுக்கு இவ்வளவு என்று அவர் போட்ட தலைவரியில் வந்து நின்றது. 1990 மார்ச்சில் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் கலவரமே நடந்தது. நவம்பரில், எம்.பி.க்கள் ஓட்டுப் போடும் கட்சித் தலைவர் தேர்தலில், சொந்தக் கட்சியின் மைக்கேல் ஹெசல்டைன் அவரை எதிர்த்து நின்றார். முதல் சுற்றில் தாட்சருக்கு 204, ஹெசல்டைனுக்கு 152. விதிப்படி தேவைப்பட்ட வித்தியாசத்துக்கு 4 ஓட்டு குறைந்தது, தாட்சர் விலகினார். அரியணை ஏறியது ஹெசல்டைன் இல்லை, தாட்சரின் நிதியமைச்சர் ஜான் மேஜர். உள்ளிருந்து வந்தவர்தான். ஆனால் வந்தவுடன் அதே ஹெசல்டைனை அமைச்சராக்கி, தலைவரிக்கு மாற்று கண்டுபிடிக்கும் வேலையை அவர் கையிலேயே கொடுத்தார். 1992 ஏப்ரலில் 21 இடப் பெரும்பான்மையோடு ஜெயித்தார். ஆகவே வெளியாளாக இருந்தால்தான் நடக்கும் என்றில்லை. உள்ளாளுக்கும் துணிவிருந்தால் போதும்.

நம் நாட்டில் இதை ஒரே வாரத்தில் இரண்டு விதமாகவும் பார்த்தோம். 2021 செப்டம்பர் 11 அன்று குஜராத் முதல்வர் விஜய் ரூபானி விலகினார். 18ஆம் தேதி பஞ்சாபில் காங்கிரஸ் முதல்வர் அமரிந்தர் சிங். குஜராத்தில் பூபேந்திர படேல் வந்தபோது முதல்வரோடு அமைச்சரவை மொத்தமும் மாறியது. ரூபானியின் அமைச்சர்களில் ஒருவர்கூடப் புதிய பட்டியலில் இல்லை. கொரோனா இரண்டாம் அலையைப் பற்றி யாரைப் போய்க் கேட்பது? கேட்க வேண்டியவர்கள் யாரும் அந்த நாற்காலிகளில் இல்லை. 2022 டிசம்பரில் பாஜகவுக்கு 182இல் 156. மோடியின் சொந்த மாநிலம், ஆம் ஆத்மி வேறு புகுந்து எதிர்ப்பு ஓட்டைப் பிரித்தது, இரண்டையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும். கழித்தாலும் மிச்சம் இருக்கிறது.

பஞ்சாபில் அமரிந்தரின் அமைச்சராக இருந்த சரண்ஜித் சிங் சன்னியை முதல்வராக்கினார்கள். தேர்தலுக்கு ஐந்து மாதம். அவர் மின்கட்டணத்தைக் குறைத்தார், சில வேலைகளை வேகமாகவே செய்தார். ஆனால் மாநிலக் கட்சித் தலைவர் சித்து, அமரிந்தரைத் திட்டியது போதாதென்று சன்னி ஆட்சியையும் திட்டிக்கொண்டே இருந்தார். தலைவரை மாற்றிய சண்டை மாற்றிய பிறகும் ஓயவில்லை. தேர்தலில் காங்கிரஸ் 77 இடத்திலிருந்து 18க்கு இறங்கியது. சன்னி நின்ற இரண்டு தொகுதியிலும் தோற்றார்.

கடைசி நேரத்தில் ஆளை மாற்றும் கட்சிகள் யோசிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. வருகிறவரும் சேர்ந்து எரிந்துபோகிறார். 1993இல் கனடாவில் பிரதமர் பிரயன் மல்ரோனி விலகி, அவர் அமைச்சரவையில் இருந்த கிம் கேம்ப்பெல்லைக் கொண்டுவந்தார்கள். மல்ரோனி கொண்டுவந்த விற்பனை வரி அப்படியே இருந்தது. 1988இல் 169 இடம் வென்ற கட்சி 2 இடத்தில் வந்து நின்றது. ஆமாம், இரண்டு. கேம்ப்பெல் தன் தொகுதியிலும் தோற்றார். பழியை மல்ரோனியே சுமந்திருந்தால், கட்சிக்கு ஒரு புதுத் தலைவராவது மிச்சமாகியிருப்பார்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் சொந்தக் கட்சிக்குள்ளேயே அதிபரை எதிர்த்துக் கிளம்பியவர்கள்: 1976இல் ஃபோர்டை எதிர்த்து ரீகன், 1980இல் கார்ட்டரை எதிர்த்து எட்வர்ட் கென்னடி, 1992இல் புஷ்ஷை எதிர்த்து புக்கானன். மூன்று அதிபர்களும் தோற்றார்கள். கணக்கு சரிதான், காரணம்தான் சந்தேகம். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரைக் குற்றம் சொல்வது மாதிரி இருக்கிறது. அதிபர் பலவீனமாக இருப்பதால்தானே உள்ளிருந்து ஒருவர் கிளம்புகிறார். ஆனால் கென்னடி விஷயத்தில் நான் கொஞ்சம் மாற்றிச் சொல்வேன். 1979 நவம்பர் 4 அன்று ஒளிபரப்பான பேட்டியில், ஏன் அதிபராக விரும்புகிறீர்கள் என்று கேட்டபோது அவரால் கோவையாகப் பதில் சொல்ல முடியவில்லை. திக்கித் திணறி, எங்கெங்கோ போனார். கார்ட்டர் மேல் அதிருப்தி இருக்கிறது என்பது தெரிந்திருந்தது, எதைத் தூக்கி எறிவது என்பது தெரியவில்லை. மறு ஆண்டு ஆகஸ்டில், கார்ட்டரே மீண்டும் வேட்பாளரான நியூயார்க் கட்சி மாநாட்டு மேடையில், இருவரும் கைகோத்து உயர்த்தும் ஒரு படத்துக்காகக் கார்ட்டர் மேடை முழுக்க அவர் பின்னாலேயே சுற்றினார். கென்னடி கைகுலுக்கினார், தோளைத் தட்டினார், கையை உயர்த்த மட்டும் இடம் கொடுக்கவில்லை. நாடே பார்த்தது. வீழ்த்தவும் முடியாமல், விட்டுக்கொடுக்கவும் மனமில்லாமல் நடக்கிற இந்த அரைச் சண்டை இருக்கிறதே, அதைவிட முழுச் சண்டை எவ்வளவோ மேல்.

அப்படியென்றால் வெறுக்கப்படுகிற தலைவரை எப்போதும் மாற்றியே ஆக வேண்டுமா? இல்லை. 1983 ஜனவரியில் ரீகனுக்கு ஆதரவு 35 சதவீதம். அதற்கு முந்தைய மாதம் வேலையின்மை 10.8 சதவீதம் வரை ஏறியிருந்தது. அன்றைக்கு உங்கள் இரண்டாவது நண்பர் ஆலோசகராக இருந்திருந்தால் ரீகனை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். 1984 நவம்பருக்குள் வேலையின்மை ஏழு சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கியது, ரீகன் 50 மாநிலத்தில் 49ஐ வென்றார். வெறுப்புக்கான காரணம் தேர்தலுக்குள் தானே தணியும் என்றால் ஆளைத் தொட வேண்டியதில்லை. வேலையின்மை இறங்கலாம். பைடனின் வயது இறங்காது.

ஒரு சின்ன விஷயம். கட்சி மாற்ற வேண்டுமா என்று நாம் பேசுகிறோம், பல இடங்களில் கட்சிக்கு அந்த அதிகாரமே கிடையாது. ஆஸ்திரேலியாவில் உண்டு, 2010 ஜூனில் ஆளுங்கட்சி எம்.பி.க்கள் ஒரே இரவில் பிரதமர் கெவின் ரட்டை நகர்த்தி, காலையில் ஜூலியா கில்லார்டைப் பிரதமராக்கினார்கள். அமெரிக்காவில் அதிபர் தானாக மனம்வைத்தால்தான் உண்டு. இங்கே டெல்லியிலிருந்து ஒரு போன் வரும்.

எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று பயப்படுகிற உங்கள் முதல் நண்பரிடம் சொல்லுங்கள், கார்னி போட்ட கையெழுத்து அதுவேதான், கேமராவைக் கூப்பிட்டு எழுதிக் கொடுத்தார். இரண்டாமவரிடம், புதிதாக வருகிறவர் முதல் வாரத்தில் எதை ரத்து செய்வார் என்று கேளுங்கள். அவர் யோசிக்க ஆரம்பித்தால், இந்த முறை பழையவரே நின்றுவிட்டுப் போகட்டும்.