கண்காணிப்பும் வெளிநாட்டு ஆலோசனையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மத்திய வங்கிகள் பிற நாடுகளுக்கு ஆலோசகர்களை அனுப்பிய வரலாறு குறித்து நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். தகவல்கள் புதியவை என்றாலும், எனக்கு எரிச்சலே மிஞ்சியது. நான் மும்பையில் முலுண்டில் இருக்கிறேன். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் பராமரிப்பு நிதி ஒரு கூட்டுறவு வங்கியில் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. அந்த வங்கியை ஆண்டுதோறும் ஆய்வு செய்ததாகச் சொன்ன ரிசர்வ் வங்கியின் தலைமையகமோ எங்கள் ரயில் பாதையின் கடைசி நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. பக்கத்து வங்கியைப் பார்க்க முடியாதவர்கள் அண்டை நாட்டு அதிகாரிகளுக்குப் பயிற்சி அளிப்பதில் என்ன பொருள்? அமெரிக்காவும் அப்படித்தானே, உலகத்துக்கெல்லாம் பாடம் சொல்லிவிட்டு 2023-ல் சொந்த வங்கியைக் கோட்டை விட்டது? முதலில் வெளிநாட்டு வேலைகளை நிறுத்திவிட்டு உள்ளூரைப் பார்க்கட்டும் என்பது என் கருத்து. கடைசியாக ஒரு நடைமுறைக் கேள்வி: எங்கள் சங்கத்தில் 60 வீடுகள் உள்ளன. வங்கி முடங்கினால் வைப்புப் பணத்துக்குக் கிடைக்கும் காப்பீட்டுத் தொகை வீட்டுக்கு 5 லட்சம் ரூபாயா, சங்கத்துக்கு 5 லட்சமா?

ர. ச.,
முலுண்டு

அன்புள்ள ர. ச.,

உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது சென்று சேர வேண்டிய இடம் வேறு என்று நினைக்கிறேன். உங்கள் பணம் முடங்கிய வங்கியின் பெயரை நீங்கள் குறிப்பிடவில்லை, நானும் ஊகிக்கப் போவதில்லை. பொது ஆவணங்களில் பதிவாகிவிட்ட நிகழ்வுகளை வைத்தே பதில் சொல்கிறேன்.

அமெரிக்காவிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் நீங்கள் சுட்டிய, 2023-ல் விழுந்த சிலிக்கான் வேலி வங்கி இந்த விவாதத்துக்கு மிகப் பொருத்தமான உதாரணம். 1913-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே தேசிய உரிமம் பெற்ற வங்கிகள், வட்டார ரிசர்வ் வங்கிகளைக் கொண்ட மத்திய வங்கி அமைப்பான பெடரல் ரிசர்வில் கட்டாயமாக உறுப்பினராக வேண்டும், மாநில உரிமம் பெற்றவை விரும்பினால் சேரலாம். உறுப்பு வங்கி தன் வட்டாரத்து ரிசர்வ் வங்கியின் பங்குகளை வாங்குகிறது, அதன் ஒன்பது இயக்குநர்களில் ஆறு பேரைத் தேர்ந்தெடுப்பதில் வாக்களிக்கிறது. நம் நாட்டில் அப்படி இல்லை. 1935-ல் தொடங்கிய ரிசர்வ் வங்கியின் சட்டத்தில், இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்ற வங்கி ரிசர்வ் வங்கியிடம் இருப்புத் தொகை வைக்க வேண்டும், அறிக்கைகள் அனுப்ப வேண்டும், ஆனால் அதன் நிர்வாகத்தில் உறுப்பினர் என்ற முறையில் அதற்கு எந்தப் பங்கும் கிடையாது. சிலிக்கான் வேலி வங்கி கலிபோர்னியா மாநில உரிமம் பெற்று, தானே விரும்பி பெடரல் ரிசர்வில் சேர்ந்த உறுப்பு வங்கி. அதன் தலைமை நிர்வாகி, வங்கி மூடப்பட்ட 2023 மார்ச் 10 வரை சான்பிரான்சிஸ்கோ ரிசர்வ் வங்கியின் இயக்குநர் குழுவிலேயே அமர்ந்திருந்தார். அந்தக் குழுவுக்குத் தனிப்பட்ட வங்கிகளின் கண்காணிப்பில் தலையிடும் அதிகாரம் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் கண்காணிக்கப்படுபவரும் கண்காணிப்பவரும் ஒரே மேசையைச் சுற்றி அமரும் ஏற்பாடு பார்ப்பவர் கண்ணை உறுத்தத்தான் செய்யும்.

அந்த வங்கியின் குறைகளைக் கண்காணிப்பாளர்கள் கவனிக்காமல் விட்டார்கள் என்பதல்ல விஷயம். பெடரல் ரிசர்வில் அன்று கண்காணிப்புக்கான துணைத்தலைவராக இருந்த மைக்கேல் பார் 2023 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட அறிக்கையின்படி, வங்கி மூடப்பட்டபோது சரிசெய்யப்படாத 31 கண்காணிப்பு எச்சரிக்கைகள் அதன் மீது நிலுவையில் இருந்தன. ஒத்த வங்கிகளின் சராசரியைப் போல அது மூன்று மடங்கு. குறைகள் எழுதப்பட்டிருந்தன, கடிதங்கள் போயிருந்தன, கையை மட்டும் யாரும் பிடித்து நிறுத்தவில்லை.

இங்கேயும் கதை பெரிதாக மாறவில்லை. பாலா சென்ட்ரல் வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் அன்று மிகப் பெரிய வங்கிகளில் ஒன்றாக இருந்த அது, 1960 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியின் மனுவின் பேரில் உயர் நீதிமன்ற ஆணையால் மூடப்பட்டது. அதன் கடன்கள் மோசமாக இருப்பது 1950-களின் ஆய்வுகளிலேயே தெரிந்துவிட்டது. மூடினால் பீதி பரவும், பொறுத்தால் வங்கி தானே தேறிவிடலாம் என்ற எண்ணத்தில் ஆண்டுகள் கழிந்தன. அதற்கு முன் 1938-ல், சென்னையிலிருந்து இயங்கிய திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலோன் வங்கி விழுந்தபோது, வங்கிகளின் உள்ளே சென்று கணக்கைப் பார்க்கும் பொதுவான அதிகாரமே ரிசர்வ் வங்கிக்கு இல்லை. அந்த அதிர்ச்சிக்குப் பின் தொடங்கிய சட்ட முயற்சி 1949-ல்தான் முழுமையடைந்தது. ஆக, 1938-ல் அதிகாரம் இல்லை, 1960-ல் அதிகாரம் இருந்தும் துணிவு வரத் தாமதமானது. இரண்டையும் ஒரே குற்றமாக எண்ணக் கூடாது. பாலா வங்கிக்குப் பிறகுதான் வைப்புக் காப்பீடு 1962 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது, அமெரிக்கா 1930-களில் கண்ட வழியைப் பார்த்துத்தான். நீங்கள் இன்று கேட்கும் 5 லட்சம் ரூபாயின் பூர்வீகம் அங்கே இருக்கிறது.

பாண்டுப்பில் தலைமை அலுவலகம் கொண்டிருந்த பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியின் விஷயத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது, வைப்பாளர் ஒருவர் எடுக்கக்கூடிய தொகை முதலில் ஆயிரம் ரூபாய். அதன் கடன்களில் 70 விழுக்காட்டுக்கும் மேல் ஒரே கட்டுமானக் குழுமத்துக்குப் போயிருந்தது, அதை மறைக்க 21 ஆயிரத்துக்கும் மேற்பட்ட போலிக் கணக்குகள் உருவாக்கப்பட்டிருந்தன என்பது காவல்துறையில் கொடுக்கப்பட்ட புகார். ஆய்வாளர் முன் வைக்கப்படும் ஏடே போலியாக இருந்தால் அவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். ஒரு கடனாளியின் வாசனை வங்கி முழுக்க வீசும்போது மூக்கை எங்கே வைத்திருந்தார் என்றும் கேட்கலாம், நான் இரண்டாவது கேள்வியின் பக்கம். கூட்டுறவு வங்கிகளின் நிர்வாகம் கூட்டுறவுப் பதிவாளரிடமும் வங்கித் தொழில் மட்டும் ரிசர்வ் வங்கியிடமும் இருந்த இரட்டைப் பிடியை 2020-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பெருமளவு தளர்த்தியது. அதற்கு முன் அந்தப் பிரிவினை ஓர் உண்மையான தடையாகவும் இருந்தது, வசதியான சாக்காகவும் இருந்தது.

இனி வெளிநாட்டு ஆலோசனை. உள்ளூர் வேலை கெட்டதற்கு அது காரணம் என்று காட்ட எனக்கு ஒரு சான்றும் கிடைக்கவில்லை. மாறாக, ஆலோசகர் வெளியூரில் தன் சொந்த ஊரைவிடத் தெளிவாகப் பேசிய சந்தர்ப்பங்கள் உண்டு. 1920-களில் பிரின்ஸ்டன் பேராசிரியர் எட்வின் கெம்மரர் கொலம்பியா, சிலி, ஈக்வடார், பொலிவியா என்று நாடு நாடாகச் சென்று, தங்கத்தோடு பிணைந்த, கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்த மத்திய வங்கிச் சட்டங்களை எழுதிக் கொடுத்தார். 1930-களின் நெருக்கடியில் அவற்றில் பல கைவிடப்பட்டன. 1940-களில் பெடரல் ரிசர்வ் பராகுவேக்கு அனுப்பிய பொருளியலாளர் ராபர்ட் டிரிஃபின் அந்த அச்சையே உடைத்தார். ஏற்றுமதியை நம்பி வாழும் சிறிய நாட்டுக்கு அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு உட்பட நெகிழ்வான கருவிகள் வேண்டும் என்றார், வாஷிங்டனில் அன்று எளிதில் ஒப்புக்கொள்ளப்படாத கருத்து அது.

நமக்கு நெருக்கமான உதாரணம் கொழும்பு. 1950 வரை இலங்கையின் நாணயம், கையிருப்புக்கு ஈடாக மட்டுமே பணம் வெளியிடும் நாணய வாரியத்தின் மூலம் இந்திய ரூபாயோடு பிணைந்திருந்தது. விடுதலைக்குப் பின் அந்த நாட்டு அரசு அமெரிக்காவிடம் நிபுணர் ஒருவரைக் கேட்டது. பெடரல் ரிசர்வின் பொருளியலாளர் ஜான் எக்ஸ்டர் வந்தார். அவருடைய 1949 அறிக்கையின் அடிப்படையில் நாணயச் சட்டம் இயற்றப்பட்டு, 1950 ஆகஸ்ட் 28 அன்று மத்திய வங்கி திறக்கப்பட்டது. ஆலோசனை சொல்ல வந்தவரே முதல் ஆளுநராகவும் அமர்ந்து 1953 வரை இருந்தார். தான் எழுதிய விதியைத் தானே நடைமுறைப்படுத்திப் பார்க்கும் நிர்ப்பந்தம் ஆலோசகர்களுக்கு அரிதாகவே வாய்க்கும்; எல்லோருக்கும் வாய்த்தால் உலகில் அறிக்கைகள் குறைந்திருக்கும். அவர் நாட்டில் வங்கிக் கண்காணிப்பு பெடரல் ரிசர்வ், நாணயக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம், வைப்புக் காப்பீட்டுக் கழகம், போதாததற்கு மாநில அரசுகள் என்று சிதறிக் கிடக்க, இலங்கைச் சட்டமோ வங்கிகளைத் தொடர்ந்து கண்காணிக்கவும் குறித்த காலங்களில் ஆய்வு செய்யவும் மத்திய வங்கிக்குள்ளேயே ஒரு தனித் துறையை அமைத்தது. வீட்டில் செய்ய முடியாத ஒழுங்கை வெளியூரில் செய்து கொடுத்தார்கள். ஆயினும் 2002-ல் அங்கே ‘பிரமுக’ என்ற பெயர் கொண்ட வங்கி வீழ்ந்தது. துறையை ஏற்படுத்துவது சட்டத்தின் வேலை, துறை எப்போது விழித்துக்கொள்ளும் என்பதைச் சட்டத்தில் எழுத முடிவதில்லை.

வெளிநாட்டுத் தொடர்பை நிறுத்தச் சொல்வதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. லக்சம்பர்க்கிலும் கேமன் தீவுகளிலும் பதிவாகி, லண்டனிலிருந்து இயங்கிய பி.சி.சி.ஐ. என்ற பன்னாட்டு வங்கியை, அதன் மோசடிகளுக்காகப் பல நாடுகள் சேர்ந்து 1991 ஜூலையில் மூடின. அதற்கு மும்பையிலும் ஒரு கிளை இருந்தது. அந்தக் கிளையின் ஏட்டை மட்டும் ஆயிரம் முறை புரட்டினாலும் லண்டனில் நடந்தது தெரிந்திருக்காது. சென்னையின் இந்தியன் வங்கி 1932-லேயே கொழும்பில் கிளை திறந்தது. இப்படிப்பட்ட கிளைகளைக் கொழும்பு அதிகாரிகள் எவ்வளவு நன்றாக ஆய்வு செய்கிறார்களோ அவ்வளவுக்கு இங்குள்ள வைப்பாளருக்கும் பாதுகாப்பு. ஆகவே அண்டை நாட்டு அதிகாரிகளுக்குப் பயிற்சி அளிப்பது வெறும் தர்மகாரியம் அல்ல. நாமும் வாங்கிக்கொண்டவர்கள்தான். 1992 பங்குப் பத்திர ஊழலுக்குப் பின் 1994-ல் ரிசர்வ் வங்கிக்குள் நிதிக் கண்காணிப்பு வாரியம் அமைந்தது; அதன் பிறகு நம் வங்கிகளை மதிப்பிடக் கையாளப்பட்ட ‘கேமல்ஸ்’ என்ற தர மதிப்பீட்டு முறை அமெரிக்காவில் பிறந்தது.

நான் உங்களோடு உடன்படும் இடம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுக்குச் செல்லும் ஆலோசகர் தன் நாட்டுச் சட்டத்தையும் படிவங்களையும் எடுத்துச் செல்கிறார், தன் துறை எங்கே தவறியது என்ற கோப்பைப் பெரும்பாலும் அலுவலகத்திலேயே விட்டுச் செல்கிறார். அமெரிக்கர்கள் வங்கி மூடிய ஏழு வாரங்களில் தங்கள் தவறைத் தாங்களே அச்சிட்டு வெளியிட்டார்கள். நமக்கு 2021-ல் நகரக் கூட்டுறவு வங்கிகளைப் பற்றிப் பொதுவான நிபுணர் குழு அறிக்கை வந்தது, பயனுள்ள அறிக்கைதான். ஆனால் குறிப்பிட்ட வங்கியில் எந்த ஆண்டு ஆய்வாளர் என்ன எழுதினார், அதன் மேல் யார் என்ன முடிவெடுத்தார் என்ற கணக்கு வைப்பாளர் கைக்கு வரவில்லை. ஆய்வு அறிக்கைகளைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டால் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஜெயந்திலால் மிஸ்திரி வழக்கில் 2015 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அதற்கு எதிராக வங்கிகள் மீண்டும் நீதிமன்றப் படியேறின. அறிக்கை வெளியானால் பீதி பரவும் என்ற அவர்களின் வாதத்தை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது, நல்ல வங்கியிலும் வதந்தியால் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க ஓடி வரக்கூடும். ஆனால் மூடிய வங்கியின் பழைய ஆய்வு அறிக்கைகளுக்கு அந்த வாதம் பொருந்தாது. நீங்கள் கோரிக்கை வைப்பதாக இருந்தால் அதை வையுங்கள்: வங்கி விழுந்து ஓராண்டுக்குள் அதன் கடைசிச் சில ஆண்டுகளின் ஆய்வு அறிக்கைகள் வெளியிடப்பட வேண்டும். அதிகாரிகளின் விமானச் சீட்டை ரத்து செய்வதைவிட அது அவர்களுக்குக் கடினமாக இருக்கும்.

உங்கள் நடைமுறைக் கேள்விக்கு வருகிறேன். காப்பீட்டில் சங்கம் ஒரே வைப்பாளராகவே கருதப்படும். 60 வீடுகள் இருந்தாலும், அந்த வங்கியில் சங்கத்தின் பெயரில் உள்ள எல்லாக் கணக்குகளுக்கும் சேர்த்து, அசலும் வட்டியுமாக உச்ச வரம்பு 5 லட்சம் ரூபாய். ஒரே வங்கியின் வேறு வேறு கிளைகளில் பிரித்து வைத்தாலும் மாறாது, வேறு வேறு வங்கிகளில் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு. 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ரிசர்வ் வங்கி பணம் எடுக்கத் தடை விதித்தால் காப்பீட்டுத் தொகை 90 நாட்களில் கிடைக்க வேண்டும். அதற்குச் சங்கம் தன் சம்மதத்தையும் அடையாள ஆவணங்களையும் வங்கிக்குத் தர வேண்டியிருக்கும், ஆகவே செயலாளர், பொருளாளர் மாறும்போதெல்லாம் கையொப்ப அதிகாரத்தை வங்கியில் உடனுக்குடன் புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்.