இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு டேங்க்கைத் தூக்குங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை உரத்தையோ மருந்தையோ தண்ணீரில் கரைத்து இலையில் அடிக்கும் இலைவழித் தெளிப்பைப் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஐயா, நெல் தரிசில் உளுந்து விதைத்திருக்கிறேன். பூ எடுக்கிறது. டி.ஏ.பி. உரம் தெளிப்பதா, பல்ஸ் வொண்டர் ஊட்டக் கலவை தெளிப்பதா? போன வருடம் டி.ஏ.பி. அடித்தபோது தெளிப்பானின் நாசில் அடைத்துக்கொண்டு பாதி நாள் வீணானது. (திருத்துறைப்பூண்டி)

தெளிப்பு அவசியமா என்று சந்தேகப்படவே வேண்டாத பயிர் உங்களுடையது. நெல் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது மண் மெழுகுபோல ஈரமாக இருக்கும் பதத்தில் தூவிய விதை அது. உழவு இல்லை, அடியுரம் இல்லை. நெல் விட்டுவைத்த மிச்சத்தையும் பனி ஈரத்தையும் நம்பி நிற்கிறது. வேர் வழியாகக் கொடுக்க வழியில்லாததால்தான் இலை வழி.

ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் சாயங்காலமே 20 லிட்டர் தண்ணீரில் ஊறப்போடுங்கள். இரண்டு மூன்று முறை கிளறிவிட்டு, இரவு முழுக்க அசையாமல் வைத்துவிடுங்கள். மறுநாள் பார்த்தால் அடியில் சாம்பல் நிறத்தில் மண்டி படிந்திருக்கும். போன வருடம் உங்கள் நாசிலில் போய் உட்கார்ந்தது அதுதான். மேலே தெளிந்ததை மட்டும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, 200 லிட்டராக்கி, வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். மண்டியை வரப்போரத் தென்னைக்குக் கொட்டலாம். பூக்கும்போது ஒரு முறை, 15 நாள் கழித்து மறுமுறை.

பல்ஸ் வொண்டர் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் தயாரிப்பு. ஏக்கருக்கு 2 கிலோ, 200 லிட்டர் தண்ணீர், பூ நிறைந்திருக்கும்போது ஒரே முறை. வளர்ச்சி ஊக்கியும் கலந்திருப்பதால் பூ உதிர்வது குறையும். உங்களுக்குப் பூ உதிர்வதுதான் கவலை என்றால் இதை எடுங்கள், இல்லையென்றால் டி.ஏ.பி. போதும். இரண்டையும் அடித்துப் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

பருத்தி இலை வெண்டை இலை போல விரல் விரலாக நீண்டு, நரம்புகள் நெருக்கிக்கொண்டு வருகிறது. நுண்ணூட்டம் இரண்டு முறை தெளித்தும் தேறவில்லை. (திருவாரூர் மாவட்டம்)

சத்துக் குறைபாடு இல்லை. தெளிப்பான் யாருடையது என்று முதலில் விசாரியுங்கள். நெல்லுக்கு 2,4-டி களைக்கொல்லி அடித்த டேங்க்காக இருக்கும், அல்லது பக்கத்து வயலில் அடித்தது காற்றில் வந்திருக்கும். பருத்திக்கு அந்த மருந்தின் வாடையே ஆகாது.

நானும் இதில் ஏமாந்தவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே மாதிரி இலையைப் பார்த்து, கம்பீரமாகத் துத்தநாக சல்பேட் எழுதிக் கொடுத்தேன். அந்த வயல்கார அம்மா ஒன்றும் சொல்லாமல் தெளிப்பானின் மூடியைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார். களைக்கொல்லி நெடி குப்பென்று அடித்தது. அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

பாதிப்பு லேசாக இருந்தால் புதுத் தளிர் நேராக வரும், காத்திருங்கள். டேங்க்கைத் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் மட்டும் போதாது. சலவைச் சோடா கரைத்து இரவெல்லாம் ஊறவிட்டு, அதையே குழாய், நாசில் வழியாகவும் பீய்ச்சிக் கழுவ வேண்டும். களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

நிலக்கடலையில் இளம் இலை மட்டும் வெளுக்கிறது, நரம்பு பச்சையாக இருக்கிறது.

இரும்புச் சத்துக் குறைவு. சுண்ணாம்பு நிலத்தில் சகஜம். 200 லிட்டருக்கு 1 கிலோ இரும்பு சல்பேட், 2 கிலோ யூரியா. 200 கிராம் சிட்ரிக் அமிலமும் சேர்த்தால் கரைசல் சீக்கிரம் துருப்பிடித்துப் பழுக்காது. கலக்கியதை அன்றே தெளித்துவிடுங்கள்.

ஆள் கூலி கட்டுப்படியாகவில்லை. பூச்சிமருந்து, பூசணமருந்து, உரம், பஞ்சகவ்யம் எல்லாவற்றையும் ஒரே டேங்க்கில் கலக்கலாமா?

கூலிக் கவலை எனக்கும் புரிகிறது. ஆனால் சில சேர்க்கைகள் ஒன்றையொன்று கெடுத்துவிடும். டி.ஏ.பி. தெளிவில் துத்தநாக சல்பேட்டைப் போட்டால் இரண்டும் சேர்ந்து கரையாத படிவாகிவிடும். இலைக்கு ஒன்றும் போகாது. சூடோமோனாஸ், பஞ்சகவ்யம் இவற்றில் இருப்பவை உயிருள்ள நுண்ணுயிர்கள். தாமிர மருந்தோடு கலந்தால் அவற்றைக் கொன்று அடிப்பதாகத்தான் அர்த்தம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையை எதனோடும் சேர்க்கக் கூடாது.

சந்தேகம் வந்தால், ஒரு கண்ணாடி பாட்டிலில் உங்கள் கிணற்றுத் தண்ணீரையே எடுத்து, மருந்துகளை டேங்க்கில் விடும் அதே விகிதத்தில் விட்டுக் குலுக்கி அரை மணி நேரம் வையுங்கள். திரிந்தாலோ, அடியில் படிந்தாலோ, பாட்டில் சூடானாலோ கலக்காதீர்கள். ஒன்றும் ஆகவில்லை என்றாலும் முதலில் ஒரு வரிசைக்கு அடித்து, இரண்டு நாள் இலை கருகாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைத் தொடருங்கள். பாட்டில் எல்லாவற்றையும் காட்டிக் கொடுக்காது.

உரமே போடாமல் தெளிப்பை வைத்தே நெல்லை எடுத்துவிடலாம் என்கிறார்களே?

கணக்குப் போடுங்கள். 200 லிட்டரில் 2 சதவீத யூரியா என்றால் 4 கிலோ. அதில் தழைச்சத்து 2 கிலோகூட இல்லை. நெல்லுக்கு ஏக்கருக்குத் தேவை 40, 50 கிலோ. இலையில் விழுவது ஊறுகாய். சோறு வேருக்குத்தான் போட வேண்டும்.

மக்காச்சோளத்தில் படைப்புழு. ட்ரோனில் மருந்து அடித்தும் புழு சாகவில்லை. (பெரம்பலூர்)

ஒரு செடியின் குருத்தை விரித்துப் பாருங்கள். மரத்தூள் போல எச்சம் அடைத்திருக்கும். புழு அதற்கு அடியில், கூரை போட்ட வீட்டில் இருப்பதுபோல இருக்கும். ட்ரோன் ஏக்கருக்கு 10 லிட்டர் அளவில்தான் தூவுகிறது. இலை நனைகிறது, குருத்தின் ஆழம் நனைவதில்லை. கைத்தெளிப்பானில், நாசிலைக் குருத்துக்கு நேராகப் பிடித்து, மாலையில் அடியுங்கள். எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. என்றால் 10 லிட்டர் டேங்க்குக்கு 4 கிராம். அடுத்த முறையும் அதையே எடுக்காமல் வேறு வகை மருந்துக்கு மாறுங்கள். விரல் நீளத்துக்கு வளர்ந்துவிட்ட புழுவுக்கு எந்த மருந்தும் அவ்வளவாகப் பலிக்காது. முட்டைக் குவியலைக் கண்டதும் கையால் நசுக்குவதே மலிவு.

தென்னையில் சுருள் வெள்ளை ஈ. ஓலையெல்லாம் கரி பூசியதுபோல இருக்கிறது. எந்தப் பூச்சிமருந்து அடிப்பது? (பொள்ளாச்சி)

எதுவும் வேண்டாம். 2016-இல் உங்கள் பக்கத்தில்தான் இந்த ஈ நாட்டிலேயே முதலில் தென்பட்டது. அதன் இளம்பருவத்துக்குள் முட்டையிட்டு அழிக்கும் என்கார்சியா என்ற சின்னக் குளவியும் கூடவே பெருகியிருக்கிறது. மருந்து அடித்தால் குளவி முதலில் சாகும். ஈ திரும்ப வந்துவிடும். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள். ஓலையில் கரி போலத் தெரியும் கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைப் பசையாகக் கரைத்து ஓலையில் படும்படி தெளியுங்கள். வெயிலில் பசை காய்ந்து பொருக்காக உதிரும்போது கரியும் அதோடு உரிந்து வரும். மழை இல்லாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.