தொப்பூர் இறக்கத்தில் பிரேக் மிதி தாழ்ந்துபோவது குறித்து

தருமபுரி–சேலம் சாலையிலுள்ள தொப்பூர் கணவாய் இறக்கத்தின் பாதியில் உங்கள் பழைய வேனின் பிரேக் மிதி தரைவரை இறங்கி, அரைமணி நேரம் நிறுத்திவைத்த பிறகு மீண்டும் கெட்டியானது என்று நீங்கள் எழுதியிருப்பதால், மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டருக்கு இப்போதே செலவழிக்காமல் முதலில் பிரேக் ஆயிலை முழுவதுமாக மாற்றுங்கள்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 (DOT 3) என்ற பிரேக் ஆயில் வகையின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அது 140 டிகிரி அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். ஆண்டுக்கணக்கில் நின்றிருந்த பழைய வேனில், கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி மிதித்தபடியே இறங்கினால், சூட்டில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டாகி, உங்கள் கால் அந்தக் குமிழ்களைத்தான் அழுத்தும். அதனால்தான் மிதி தாழ்கிறது, ஆறியதும் மீண்டும் கெட்டியாகிறது.

வண்டி குளிர்ந்திருக்கும்போது மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்லத் தாழ்ந்தால் மாஸ்டர் சிலிண்டர் வாஷரோ வேறெங்கோ கசிவோ காரணம். அப்போது என் கணிப்பு தவறு.

டாட் 4 ஊற்றலாம். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ டாட் 3, டாட் 4 ஆயிலுடன் கலக்கவே கூடாது. புது ஆயில் ஊற்றினாலும், மேடு ஏறும்போது போடும் தாழ்ந்த கியரிலேயே இறங்குங்கள். 60 லிட்டர் தொட்டி என்றால் 60 கிலோ சுமை. அதைக் கணவாய்க்குக் கீழே நிரப்பிக்கொள்ளலாமே.