அலமாரியில் ஆறு மாதத் துணி, கார்டில் அரை வருட வரவு

கேள்வி: வீட்டிலேயே உடைகள் தைத்து விற்கத் தொடங்கி ஒரு வருடம் முடிந்துவிட்டது. கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். மொத்தம் 48 உடைகள். 44 விற்றன, 4 உடைகளை உறவினர்களுக்குப் பணம் வாங்காமல் தைத்துக் கொடுத்தேன். தையலில் குறை சொன்னவர் யாருமில்லை. ஆனாலும் கையில் ஒன்றும் நிற்கவில்லை. துணி வாங்கிய கிரெடிட் கார்டில் வருட விற்பனையில் பாதி அளவுக்குப் பாக்கி நிற்கிறது. குறைந்தபட்சத் தொகையை மாதம் தவறாமல் கட்டுகிறேன். இலவசமாகத் தைத்துக் கொடுப்பதுதான் நஷ்டத்துக்குக் காரணம் என்கிறார் கணவர். எம்பிராய்டரி மெஷின் வாங்கினால் வருமானம் கூடும், 12 சதவீத வட்டியில் தவணைக்குத் தருகிறோம் என்கிறார் விற்பனையாளர். மாதா மாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடு என்கிறாள் தோழி. வங்கியில் சிறியதாக ஒரு வைப்புத்தொகை இருக்கிறது. இதற்கிடையில், தன் கடைக்கு என் கார்டில் துணி எடுத்துத் தரும்படி நாத்தனார் கேட்கிறார். பேசாமல் தையலையே விட்டுவிடலாமா?

பதில்: துணியை வெட்டும் முன் நனைத்துக் காயவைப்பதிலிருந்து விலையில் கூலியைச் சேர்ப்பது வரை உங்களுக்கு நான் சொல்லித்தர எதுவுமில்லை. எத்தனை மீட்டர் வாங்கினோம், எத்தனை மீட்டர் வெட்டினோம் என்றுகூட எழுதி வைத்திருக்கிறீர்கள். பல வருடம் கடை நடத்துகிறவர்களே இதைச் செய்வதில்லை. ஆகவே நேராக நோட்டுக்குப் போகிறேன்.

நீங்கள் அனுப்பிய தொகைகளை இங்கே வெளியிடவில்லை. வருட விற்பனையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். மற்றவை எல்லாம் அந்த நூறில் பங்கு, சில்லறையைத் தள்ளிவிட்டேன்.

நூல், பட்டன், ஜிப், லைனிங், ஊசி எல்லாம் சேர்த்து 12. மின்சாரம், பை, பார்சல் செலவு 6. கார்டுக்குப் பன்னிரண்டு மாதமும் கட்டியது 18. ஆக, வந்த நூறில் 36 வெளியே போனது. மீதி 64 வீட்டுச் செலவுக்குப் போயிருக்கிறது. நூறுக்கு விற்றோம், 64 மிஞ்சியது, அப்படியானால் தொழில் நன்றாகத்தான் நடக்கிறது என்று வருடம் முழுவதும் உங்களுக்குத் தோன்றியிருக்கும். வீட்டில் இருந்தவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

ஆனால் துணி? அதை 60க்கு வாங்கியிருக்கிறீர்கள், அனைத்தும் கார்டில். அதன்மேல் ஏறிய வட்டி 9. கட்டிய 18 போக இன்று 51 நிற்கிறது. வீட்டுக்குக் கொடுத்த 64இல் 51 உங்கள் லாபமே இல்லை, வங்கியின் பணம். ஒரு வருட உழைப்பில் உண்மையாக மிஞ்சியது 13.

துணியின் விலை உங்கள் கையிலிருந்து போகாததால், விற்று வந்த பணம் முழுவதும் கூலி போலத் தெரிந்தது. உங்கள் கணவர் சொல்லும் காரணத்தையும் பார்த்துவிடுவோம். உறவினர்களுக்குத் தைத்த நான்கு உடைகளுக்குத் துணியும் நூலும் பட்டனுமாகச் சேர்த்துச் சுமார் 4 ஆகியிருக்கும். அந்த நான்கையும் விற்றிருந்தாலும் 9 வந்திருக்கும். அது சின்ன ஓட்டை. அடைக்க வேண்டுமானால் ‘துணியை நீங்கள் எடுத்து வாருங்கள், நான் தைத்துத் தருகிறேன்’ என்ற ஒரு வாக்கியம் போதும். உறவையும் கெடுக்காது. அதற்காக வீட்டில் ஒரு சண்டை தேவையில்லை.

பெரிய ஓட்டை அலமாரியில் இருக்கிறது. வருடத்தில் 144 மீட்டர் வாங்கி 96 மீட்டர்தான் வெட்டியிருக்கிறீர்கள். மீதி 48 மீட்டர். நீங்கள் மாதம் 8 மீட்டர் வெட்டுகிறவர். அப்படியானால் அலமாரியில் இருப்பது ஆறு மாதத் துணி. அதன் மதிப்பு 20, வட்டி 9, ஆக 29. இந்தப் பழக்கம் மட்டும் இல்லாதிருந்தால், வெட்டிய துணிக்கு 40, மற்றச் செலவுக்கு 18 போக, 42 உங்களுக்கே நின்றிருக்கும். 13 எங்கே, 42 எங்கே?

ஆர்டர் வரும் முன்னரே ஏன் துணி வாங்கினீர்கள் என்பதற்கு நீங்களே பதில் எழுதியிருக்கிறீர்கள்: ‘தள்ளுபடியில் கிடைத்தது’. உங்கள் கார்டின் வட்டி மாதம் 3 சதவீதம். 100 மதிப்புள்ள துணியை 20 சதவீதத் தள்ளுபடியில் 80க்கு வாங்குகிறீர்கள். பணம் கட்டாமல் துணி மடித்தபடியே கிடந்தால், எட்டாவது மாதத்தில் வட்டியோடு சேர்ந்து அதன் அடக்கம் முழு விலையைத் தாண்டிவிடும். ஒன்பதாவது மாத முடிவில் 104. தள்ளுபடி எங்கே போனது என்று தேட வேண்டாம். நீங்கள் வாங்கியவற்றில் பாதி கட் பீஸ் வேறு. மீட்டர் கணக்கில் மலிவுதான். ஆனால் 44 அங்குல அகலத்தில் 1.20 மீட்டர் துண்டில் பெரியவர்களுக்கு முழுக்கைச் சட்டை வராது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கிடக்கக் கிடக்க மடிப்புக் கோட்டில் நிறம் மங்கும், கஞ்சி போட்ட பருத்தியைப் பூச்சி தேடி வரும், எலாஸ்டிக் தன் இழுவையை இழக்கும். அலமாரியில் இருப்பதைச் ‘சரக்கு’ என்று நோட்டில் முழு விலைக்கு எழுதி வைத்திருக்கிறீர்களே, அதை முதலில் அடித்துவிடுங்கள்.

குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுவதை ஒரு நல்ல பழக்கமாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இங்கே எனக்குக் கொஞ்சம் பொறுமை குறைகிறது. தாமதக் கட்டணம் வராமல் காப்பதைத் தவிர அதில் பெரிய நன்மை இல்லை. கார்டில் 1000 பாக்கி இருக்கிறது, இனி எதுவுமே வாங்கவில்லை, மாதம் 5 சதவீதம் மட்டும் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். ஒரு வருடத்தில் ஏறக்குறைய 550 கட்டியிருப்பீர்கள். பாக்கி இன்னும் 770 இருக்கும். அதைவிட மோசமானது, பலர் கவனிக்காத இன்னொரு விதி: முந்தைய மாதப் பாக்கியை முழுதும் கட்டாதவரை, புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லா நாட்கள் பொதுவாகக் கிடைக்காது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். இந்த மாதத் துணியை அடுத்த மாதமே விற்றுவிடுவேன் என்று நீங்கள் போட்ட கணக்கு அங்கேதான் பிசகியது.

இனி என்ன செய்வது? ஆறு மாதத்துக்கு ஒரு மீட்டர்கூட வாங்காதீர்கள். அலமாரியில் இருப்பதை மட்டும் வெட்டுங்கள். பெரிய துண்டுகளுக்கு முதலில் உடை யோசியுங்கள். கட் பீஸில் குழந்தைகளுக்கான கவுன், சட்டை வரும். அதற்கும் போதாதவை பை, தலையணை உறை என்று போகட்டும். சில துணிகளை வாங்கிய விலைக்குக் கீழே தள்ளிவிட நேரும். மனம் ஒப்பாது. ஆனாலும் தள்ளிவிடுங்கள்.

வைப்புத்தொகை உங்கள் நூறில் 15 அளவுக்கு இருக்கிறது. அதை முறித்துக் கார்டில் கட்டுங்கள். ஆபத்துக்கு உதவும் என்று வைத்திருப்பது புரிகிறது. ஆனால் மாதம் 3 சதவீத வட்டி ஓடும் வீட்டில் ஆபத்து ஏற்கனவே வந்துவிட்டது. பாக்கி 36 ஆகும். மாத விற்பனை 8க்குச் சற்று மேல். நூல், பட்டன், மற்றச் செலவுக்கு 1.5 போனாலும், துணிச் செலவு இல்லாத மாதங்களில் 6 கட்ட முடியும். ஏழு மாதத்தில் பாக்கி தீர்ந்துவிடும். வைப்புத்தொகையைத் தொடாமல் அதே 6ஐக் கட்டினால் பத்து மாதம். ஆனால் கடைசி நான்கு மாதம் துணியும் வாங்கிக்கொண்டு அதைக் கட்டுவது கடினம். இந்த ஏழு மாதமும் வீட்டுச் செலவுக்கு உங்களிடமிருந்து ஏறக்குறைய எதுவும் வராது. இதைக் கணவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். நோட்டை அவர் முன்னால் விரித்து, அந்த 64இல் 51 கடன் என்று காட்டுங்கள். நாலு உடைகளைப் பற்றிய பேச்சு அதோடு நிற்கும் என்று நினைக்கிறேன்.

பாக்கியைக் குறைந்த வட்டித் தவணையாக மாற்றித் தருகிறோம் என்று வங்கி அழைத்தால், வட்டி பாதிக்கும் கீழே இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். கார்டை முடக்கிய பிறகுதான். இல்லையென்றால் தவணை ஒரு பக்கம், புதிய துணி ஒரு பக்கம் என்று இரண்டு கடன் ஆகிவிடும்.

ஆறு மாதம் கழித்து எப்படித் துணி வாங்குவது? வாடிக்கையாளர் துணி கொண்டுவரட்டும். அல்லது துணிக்கான பணத்தை முன்பணமாகக் கொடுக்கட்டும். முன்பணம் கேட்டால் ஆர்டர் போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். சில போகும். எந்த ஆர்டர் உங்கள் கார்டை நம்பி வந்ததோ அது போகட்டும். கூடவே, ‘ஆல்டரேஷன் வேலை கேட்டு வருகிறார்கள், தட்டிவிடுகிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன்? ஜிப் மாற்றுவதற்கும் கையைப் பிடித்துத் தைப்பதற்கும் ஓரம் மடிப்பதற்கும் ஒரு மீட்டர் துணிகூடத் தேவையில்லை. வருவதெல்லாம் கூலி. புது உடை தைப்பதில் இருக்கும் திருப்தி அதில் இல்லைதான். கடன் தீரும்வரையாவது தட்டிவிடாதீர்கள்.

எம்பிராய்டரி மெஷின் வேண்டாம். விற்பனையாளர் சொல்லும் 12 சதவீதம், முழுத் தொகைக்கும் கடைசிவரை போடும் வட்டி. நீங்களோ மாதா மாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருவீர்கள். ஒரு வருடத் தவணையில் உண்மையான வட்டி 22 சதவீதத்துக்கு அருகில் வரும். அதைவிட எளிய கேள்வி ஒன்று உண்டு: 44 உடைகளில் எத்தனை பேர் எம்பிராய்டரி கேட்டார்கள்? மூன்று பேர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மூன்று பேருக்காக ஒரு மெஷினா? மெஷின் வைத்திருக்கும் இன்னொருவரிடம் கொடுத்துச் செய்து வாங்கி, அந்தக் கூலியை விலையில் சேர்த்துவிடுங்கள்.

ஃபண்டும் இப்போது வேண்டாம். உங்கள் தோழி கெட்டதைச் சொல்லவில்லை, நேரம்தான் தவறு. மாதம் 3 சதவீதம் என்பது கூட்டு வட்டியில் வருடத்துக்கு 42 சதவீதத்துக்கும் மேல். அந்தக் கடனில் எவ்வளவு அடைக்கிறீர்களோ அவ்வளவுக்கும் அந்த வட்டி நிச்சயமாக மிச்சம். அந்த அளவு லாபத்தை உறுதியாகத் தரும் ஃபண்ட் எதுவும் இல்லை. தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து விலகி நில்லுங்கள். பாக்கி தீர்ந்த மறு மாதம், கட்டிவந்த அதே 6இல் பாதியை முதலில் வைப்பில் போட்டு, முறித்த 15ஐத் திரும்பச் சேருங்கள். அதன் பிறகு தோழியோடு பேசலாம்.

தையலை விடுவதா என்று கேட்டிருந்தீர்கள். 42 மிஞ்சக்கூடிய வேலையை ஏன் விட வேண்டும்?

நாத்தனார் விஷயத்தில் மட்டும் தயங்காதீர்கள். அவர் கடை நன்றாக நடந்தாலும் கடன் உங்கள் பெயரில், வட்டி முதல் நாளிலிருந்து. நேராக மறுக்க முடியவில்லை என்றால், கார்டை முடக்கிவிட்டேன் என்று சொல்லுங்கள். புதிய செலவுகளை நிறுத்தச் சொல்லி வங்கிக்கு இந்த வாரமே எழுதிக் கொடுத்துவிட்டால், சொன்னது பொய்யாகவும் இருக்காது.