விசில்காரர் பதில்கள்: இளஞ்சிவப்புச் சட்டைக் குழு

சென்ற இதழில், லண்டனில் தாதியாக வேலை செய்யும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது டல்விச் ஹேம்லட் என்ற சிறிய காற்பந்துக் குழுவின் ஆட்டத்தைப் பார்த்தேன் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தேன். மான்செஸ்டர் யுனைடெட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியபோதெல்லாம் வராத கடிதங்கள் அதற்கு வந்து குவிந்திருக்கின்றன. ஆகவே இம்மாதம் முழுக்க டல்விச்தான். யுனைடெட் ரசிகர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

என் மகன் லண்டனில் படிக்கிறான். அவனும் இந்த டல்விச் ஆட்டத்துக்குத்தான் போகிறான். இளஞ்சிவப்பும் கருநீலமுமாகக் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு படம் அனுப்புகிறான். ஏழாவது நிலைக் குழுவாமே! ஆர்சனல் இருக்கிற ஊரில் இது என்ன ரசனை? பக்கத்தில் நிற்கும் பையன்கள் கையில் பீர் வேறு.
– ஈசூனிலிருந்து ஒரு தாயார்

முதலில் பீர் விஷயத்தை முடித்துவிடுவோம், அம்மா. இங்கிலாந்தில் 1985ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி மேல் ஐந்து நிலைகளில் ஆடும் குழுக்களின் அரங்கில், ஆட்டம் நடக்கும்போது திடல் கண்ணில் படுகிற இடத்தில் நின்று மது குடிக்க முடியாது. ஆறாவது நிலையிலிருந்து கீழே அந்தத் தடை இல்லை. அதனால் திடலோரம் பீர் கிளாஸ் தெரிந்தால் அது சின்னக் குழு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். உங்கள் மகன் கையில் என்ன இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

ரசனையைப் பற்றி: நான் கோலுக்குப் பின்னால் நின்றேன். கோல்கீப்பர் தற்காப்பு ஆட்டக்காரரைத் திட்டியது ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழுந்தது. கூட்டத்திலிருந்து ஒருவர் அவருக்கு யோசனை சொன்னார். அவர் திரும்பிப் பார்த்துப் பதிலும் சொன்னார். இடைவேளை வந்ததும் அத்தனை பேரும் குடை, குழந்தை, நாய் சகிதம் எதிர்ப்பக்க கோலுக்கு நடந்தார்கள். இரண்டாம் பாதியில் தங்கள் குழு எந்தக் கோலைத் தாக்குமோ அதன் பின்னால் நிற்க வேண்டுமல்லவா? லைன்ஸ்மேன்தான் பாவம். ரசிகர்களின் மூச்சு அவர் பிடரியில் படும். நானும் அந்தக் கொடியைப் பிடித்தவன், தெரியும். ஆனால் இந்தக் கூட்டம் லைன்ஸ்மேனைத் திட்டுவதில்கூட ஒரு நகைச்சுவை வைத்திருக்கிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஆல்டோனா 93 என்றொரு குழு உண்டு. டல்விச்சைப் போல அதுவும் 1893ல் பிறந்தது. இந்த இரண்டு குழுக்களின் ரசிகர்களும் கடல் தாண்டி ஒருவர் திடலுக்கு இன்னொருவர் போய்வருகிறார்கள். பையன் நல்ல கூட்டத்தில்தான் இருக்கிறான்.

நான்-லீக் குழு என்றால் என்ன? லீக்கில் இல்லாமல் எப்படி வாராவாரம் ஆட்டம் இருக்கிறது?
– தெம்பனிஸ் வாசகர்

பிரிமியர் லீக்கில் 20 குழுக்கள். அதற்குக் கீழே ஃபுட்பால் லீக்கின் மூன்று பிரிவுகளில் 72. ஆக மொத்தம் 92. இந்த 92க்கு வெளியே ஆடும் அத்தனை பேரும் நான்-லீக். அவர்களுக்கும் லீக்குகள் உண்டு, ஏற்றம் இறக்கம் உண்டு. ஐந்தாவது நிலையில் நேஷனல் லீக். ஆறாவதில் அதன் வடக்கு, தெற்குப் பிரிவுகள். ஏழாவதில் நான்கு வட்டாரப் பிரிவுகள். டல்விச் 2023ல் ஆறிலிருந்து சறுக்கி ஏழாவது நிலையில் இருக்கும் இஸ்த்மியன் லீக்குக்கு வந்தது. 1905ல் தொடங்கிய அந்த லீக்கில் அந்தக் காலத்தில் வெற்றியாளருக்குக் கோப்பையே கிடையாதாம். ஜெயித்த மரியாதை போதும் என்று விட்டுவிட்டார்கள். நம் சமூக மன்றப் போட்டிகளில் ஆறாவதாக வந்தவருக்கும் ஆளுயரக் கோப்பை கொடுப்பவர்கள் கவனிக்க.

இந்தச் சின்னக் குழுவிலிருந்து ஒருவர் இங்கிலாந்து தேசியக் குழுவுக்கு ஆடினார் என்று என் பேரன் சொல்கிறான். நம்பலாமா?
– தோ பாயோவில் ஒரு தாத்தா

நம்பலாம், ஐயா. பெயர் எட்கர் கெய்ல். மது வகைகள் விற்கும் நிறுவனம் ஒன்றில் விற்பனையாளர். மற்ற நேரத்தில் டல்விச்சுக்காக 400க்கும் மேல் கோல் போட்டார். தொழில்முறைக் குழுக்கள் கூப்பிட்டன, போகவில்லை. 1929 மே மாதம் இங்கிலாந்து அவரை ஐரோப்பியப் பயணத்துக்குச் சேர்த்துக்கொண்டது. பிரான்சுக்கு எதிராக முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல். அடுத்தது பெல்ஜியம். மூன்றாவது மத்ரித்தில் ஸ்பெயினுடன். அந்த ஆட்டத்தை இங்கிலாந்து 3-4 என்று தோற்றது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ள ஒரு நாட்டிடம் இங்கிலாந்து தோற்றது அதுதான் முதல் தடவை. பாவம் கெய்ல், அதிலும் இருந்தார். அத்தோடு அவருடைய இங்கிலாந்துச் சட்டைகள் மூன்றோடு நின்றுவிட்டன. அதே 1929 டிசம்பரில்தான் நம் சிங்கப்பூரின் ஜாலான் புசார் அரங்கம் திறந்தது என்பது உங்கள் தலைமுறைக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ள உதவும்.

டல்விச் திடலை 2018ல் யாரோ பூட்டிவிட்டதாகப் படித்தேன். ஒரு குழுவை அதன் சொந்தத் திடலிலிருந்தே விரட்ட முடியுமா?
– ஜூரோங் வெஸ்ட் வாசகர்

திடல் குழுவின் பெயரில் இல்லாவிட்டால் முடியும். நீளமான கதை. ஒரு கோப்பி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

1893ல் டல்விச் ஹேம்லட் பள்ளியின் பழைய மாணவர்கள் சிலர், தங்களுக்கு ஒரு காற்பந்துக் குழு வேண்டுமென்று லொரேன் வில்சன் என்பவரிடம் போய் நின்றார்கள். ஊரே 'பா' வில்சன் என்று கூப்பிட்ட மனிதர் அவர். அவர் தொடங்கி வைத்த குழு, தென்லண்டனில் சாம்பியன் ஹில் என்ற மேட்டுப்பகுதியில் போய் நிலைத்தது. 1931ல் அங்கே பெரிய பார்வையாளர் மேடை எழுந்தது. சம்பளம் வாங்காமல் ஆடும் அமெச்சூர் குழுக்களின் திடல்களில் அவ்வளவு பெரியவை மிகச் சிலவே. 1933ல் கிங்ஸ்டோனியனும் ஸ்டாக்டனும் மோதிய அமெச்சூர் கோப்பை இறுதி ஆட்டத்தை அங்கே 20,744 பேர் பார்த்தார்கள். அந்தக் கோப்பையை டல்விச்சே 1920, 1932, 1934, 1937 என நான்கு முறை வென்றிருக்கிறது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் தென்கொரியா மெக்சிகோவை 5-3 என்று வீழ்த்தியதும் இதே திடலில்தான்.

பிறகு கூட்டம் தேய்ந்தது. அத்தனை பெரிய அரங்கைப் பராமரிப்பது சிறு குழுவுக்குக் கட்டுப்படியாகாது. கடைசியில் நிலத்தின் ஒரு பகுதியில் செயின்ஸ்பரிஸ் சூப்பர்மார்க்கெட் வந்தது. அதன் பக்கத்தில் 1992ல் புதிய சிறு அரங்கம்: 3,000 பேர் கொள்ளும், அதில் 500 இருக்கை. 2014ல் அந்த இடம் ஒரு நில மேம்பாட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. அவர்களுக்கு அங்கே வீடுகள் கட்ட வேண்டும். நகர மன்றத்தோடு இழுபறி. 2018 மார்ச்சில் குழு வெளியே நின்றது.

இதுவரை எல்லா நாட்டிலும் நடப்பதுதான். இதற்குப் பிறகு வந்தது ஒரு கடிதம். 'டல்விச் ஹேம்லட் ஃபுட்பால் கிளப்', 'தி ஹேம்லட்' முதலிய பெயர்கள் வர்த்தக முத்திரையாக வேறொரு நிறுவனத்தின் பேரில் பதிவாகிவிட்டன, இனி குழு அவற்றை அச்சடிக்கக் கூடாது என்று! பா வில்சன் வைத்த பெயர் 125 ஆண்டுக்குப் பிறகு அந்தக் குழுவுக்கே சொந்தமில்லையாம். ஊர் கொதித்தது, நாடாளுமன்றத்திலும் பேச்சு அடிபட்டது, பிறகு பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

திடல்? அடைக்கலம் கொடுத்தது டூட்டிங் அண்ட் மிட்சம் யுனைடெட். டூட்டிங் என்றால் நம்மவர்களுக்குத் தோசைக்கடைதான் நினைவுக்கு வரும். டல்விச்காரர்களுக்கு அது பரம வைரி. அந்த வைரியின் திடலில்தான் மிச்ச ஆட்டங்களை ஆடி, ஹெண்டன் குழுவைப் பெனால்டியில் வென்று, ஆறாவது நிலைக்கு முதல்முறையாக ஏறினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி சாம்பியன் ஹில்லின் கதவு மறுபடி திறந்தது.

விசில் ஊதியவனுக்குத் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் போகாது, சொல்லிவிடுகிறேன். எல்லாரும் 2018ஐத்தான் திட்டுகிறார்கள். நிலம் கைவிட்டுப் போன காலத்தில் யாரும் கூச்சல் போடவில்லை. வாடகை வீட்டுக்கு நாம் எத்தனை முறை சாயம் பூசினாலும் பத்திரம் வேறொருவர் பெட்டியில்தான் இருக்கிறது.

ஒலிம்பிக் என்றதும் கேட்கிறேன். 1948ல் இந்தியாவும் வெறுங்காலில் ஆடியதாமே, அதுவும் இப்படி ஒரு சிறு திடலிலா?
– சிராங்கூன் சாலைக் கடைக்காரர்

ஆமாம். கிழக்கு லண்டன் பக்கம் இல்ஃபோர்டில். இன்று தமிழர்கள் நிறைய வாழும் ஊர். சுதந்திரம் பெற்று ஓராண்டுகூட ஆகாத இந்தியா, பிரான்சை எதிர்த்து. நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்கால்தான். பிரான்ஸ் ஒன்று போட, சாரங்கபாணி ராமன் சமன் செய்தார். இரண்டு பெனால்டிகளை இந்தியா வீணடித்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் இன்னொன்று போட்டு 2-1. வெறுங்காலைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அந்த இரண்டு பெனால்டிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நம் ஊரில் ஏன் இப்படிப்பட்ட குழுக்கள் இல்லை?
– பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், உட்லண்ட்ஸ்

யார் சொன்னது? தெம்பனிஸ் ரோவர்ஸ் 1945ல் கம்பத்துப் பையன்கள் தொடங்கியதுதான். குழுக்கள் இருந்தன, தம்பி. திடல் மட்டும் எந்தக் காலத்திலும் அவர்களுடையதாக இருந்ததில்லை. நான் விசில் ஊதிய ஃபேரர் பார்க் பகுதியில் வீடுகள் வரும் என்று 2021ல் அறிவித்தார்கள். பழைய குத்துச்சண்டைக் கூடத்தை இடிக்காமல் வைத்துக்கொள்வார்களாம். வீடும் வேண்டும்தான், மறுக்கவில்லை. என் மகனே அரசாங்கம் கட்டும் வீவக வீட்டுக்கு எத்தனையோ முறை விண்ணப்பித்துக் காத்திருந்தவன். ஆனால் நீ கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான்.

அடுத்த மாதம் லண்டன் போகிறோம். சாம்பியன் ஹில்லுக்கு எப்படிப் போவது? எனக்கு மூட்டுவலி, நிற்க முடியாது.
– பொங்கோல் வாசகி

லண்டன் பிரிட்ஜ் நிலையத்தில் ரயில் ஏறி ஈஸ்ட் டல்விச்சில் இறங்குங்கள், அக்கா. அங்கிருந்து பொடிநடை. சூப்பர்மார்க்கெட்டை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அதையொட்டித் திடலுக்குப் போகும் பாதைக்கு எட்கர் கெய்லின் பெயர்தான். ஆட்டம் பெரும்பாலும் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு. கோப்பை ஆட்டங்களுக்காக அட்டவணை மாறும், புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். இருக்கைகள் பக்கவாட்டு மேடையில் இருக்கின்றன. இடைவேளையில் கூட்டம் எதிர்ப்பக்கம் நடக்கும்போது நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். அந்த நேரத்தில் தேநீர் வரிசை குறைவாக இருக்கும், வீட்டுக்காரரை அனுப்புங்கள்.