வேலூர்ப் பக்கம் நடக்கும் புதுத்தொழில் போட்டிகளில் நடுவர்கள் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள்?

கேட்டவர் இரண்டு கேள்வி வைத்திருக்கிறார். மண்டல அளவில் நடக்கும் புதுத்தொழில், ஊர் வளர்ச்சித் திட்டப் போட்டிகளில் நடுவர்கள் எதைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள் என்பது ஒன்று. எல்லோரும் பாராட்டிய தன் அணிக்கு ஏன் பரிசு வரவில்லை என்பது இன்னொன்று.

நான் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவன். குடியாத்தம், வாணியம்பாடி பக்கக் கிளைகளில் தொழில் கடன் பார்த்தவன் என்பதால் இந்தப் போட்டிகளுக்கு நடுவராகக் கூப்பிடுகிறார்கள். திருவண்ணாமலை 1989இல் பிரிந்து போனது, மிச்சமிருந்த வேலூரும் 2019இல் மூன்று மாவட்டமாகிவிட்டது. ஆனாலும் மண்டலம் என்று பேனர் கட்டினால் வந்து சேர்வது பழைய வடாற்காடுதான். தோல், பீடி, லுங்கி, தீப்பெட்டி, பட்டு, ஜவ்வாது மலைத் தேன், அப்புறம் பாலாறு. பாலாறு இல்லாமல் ஒரு போட்டியும் முடிந்ததில்லை.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரிசுப் பணம் தீர்ந்த மறுமாதம் இதற்கு யார் பையிலிருந்து காசு வரும்? நான் தேடுவது அதைத்தான். வியாபாரம் என்றால் வாங்குகிறவர் பையிலிருந்து வரவேண்டும். ஊர்த் திட்டம் என்றால் பஞ்சாயத்தோ, மகளிர் குழுவோ, யாராவது ஒருவர் தலையில் ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்த ஆளை அணி நேரில் பார்த்துப் பேசியிருந்தால் அது பேச்சிலேயே தெரிந்துவிடும். பேசாதவர்கள் 'எங்கள் இலக்கு வாடிக்கையாளர்கள்' என்பார்கள். பேசியவர்கள் 'காட்பாடி மார்க்கெட்டில் மூணாவது கடை அண்ணன்' என்பார்கள்.

பெரும்பாலும் நடுவர் கையில் கொடுக்கும் தாளில் புதுமை, சந்தை வாய்ப்பு, செயல்படுத்தும் திறன், சமூகப் பயன், விளக்கிய விதம் என்று ஐந்து தலைப்பு இருக்கும். தலைப்புக்கு 20. இந்தத் தாளில் எனக்கு ஒரு சண்டை உண்டு. லாபத்துக்கு நடத்தும் தொழிலையும், லாபமே வராத ஏரிக்கால்வாய் வேலையையும் ஒரே தாளில் போட்டு எடை போடச் சொல்கிறார்கள். ஏரிக்கால்வாய்க்குச் 'சந்தை வாய்ப்பு' என்ன எழுதுவது? சில நடுவர்கள் அங்கே சராசரியாக 10 போட்டு நகர்ந்துவிடுவார்கள். நான் அந்த இடத்தில் 'பராமரிப்புக்குக் காசு எங்கிருந்து' என்று மனதுக்குள் திருத்தி எழுதிக்கொண்டு மதிப்பெண் போடுகிறேன். அமைப்பாளர்களிடம் சொல்லியும் இருக்கிறேன், அடுத்த வருடமும் அதே தாள்தான் வந்தது.

சரி, உதாரணத்துக்கு வருகிறேன். ஒரு கல்லூரி அணி இரண்டு கண்ணாடி ஜாடிகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தது. ஒன்றில் தோல் பதனிடப் போடும் குரோமியம் கலந்த கழிவுநீர், நீலப் பச்சையாக. இன்னொன்றில் பாசி வளர்த்துச் சுத்தப்படுத்திய தண்ணீர், கிட்டத்தட்டத் தெளிவாக. அரங்கம் கைதட்டியது, பக்கத்தில் இருந்த நடுவரும் தட்டினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நான் கேட்டது இரண்டே கேள்வி. குரோமியத்தைக் குடித்த அந்தப் பாசியை எங்கே கொட்டுவீர்கள்? அப்புறம், உப்பை என்ன செய்வீர்கள்?

இரண்டுக்கும் பதில் இல்லை. தோல் பதனிடும் இடத்துக்குள் ஒரு நாள் போய் நின்றிருந்தால் இரண்டாவது கேள்வியை அவர்களே எனக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பச்சைத் தோல் கெடாமல் இருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட உப்பைப் போட்டு அடுக்குகிறார்கள். ஊறவைக்கும்போது அந்த உப்பில் பெரும்பகுதி தண்ணீரில் இறங்குகிறது. குரோமியத்தைக் காரம் சேர்த்துப் படியவைத்து, அமிலத்தில் கரைத்துத் திரும்பப் பயன்படுத்தும் வழி பல வருடங்களாக நடைமுறையில் இருக்கிறது. உப்புக்கு அப்படி ஒரு சுலபமான வழி கிடையாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ. (சவ்வு வழியாக உப்பைப் பிரிக்கும் முறை) வைத்து, மிஞ்சியதை ஆவியாக்கி, கடைசியில் கிடைக்கும் கலப்பு உப்பை வாங்க ஆளில்லாமல் குவித்து வைக்கிறார்கள். பாலாற்றுக் கரையில் கிணற்றுத் தண்ணீர் கரித்துப் போனதற்கு அந்த உப்புதான் பெரிய காரணம்.

தோல் கழிவு பாலாற்றைக் கெடுக்கிறது என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதிதான் என்று அதில் அழுத்திச் சொன்னது, தோல் தொழிற்சாலைகளுக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. சட்ட மாணவர்கள் நாடு முழுக்க இதைப் படிக்கிறார்கள். தீர்ப்பில் பெயர் வரும் மாவட்டத்திலிருந்தே வரும் அணிக்கு அது தெரியாமல் இருந்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும். ஜாடி கொண்டுவந்த அணிக்குப் புதுமையில் நல்ல மதிப்பெண் போட்டேன். செயல்படுத்தும் திறனில் போடவில்லை.

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் தோல் துண்டுகளில் கீ செயின், பர்ஸ் செய்வதாகவும் அடிக்கடி வருகிறார்கள். 'மூலப்பொருள் இலவசம்' என்று ஒரு வரி இருக்கும். இலவசம் எல்லாம் இல்லை. எடை போட்டு எடுத்துப்போக ஏற்கனவே ஆள் இருக்கிறார். அந்த ஆளிடம் விலை கேட்டுவிட்டு வந்த அணியை நான் இன்னும் பார்க்கவில்லை.

இதற்கு நேர்மாறாக, ஒரு சுய உதவிக் குழுவிலிருந்து வந்த அம்மாவைச் சொல்ல வேண்டும். முள் கத்தரிக்காய்த் தொக்கு. இலவம்பாடிப் பக்கத்து முள் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்குத் தெரிந்திருக்கும். காம்பெல்லாம் முள்ளாக இருக்கும், எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்புக்கு அதை அடித்துக்கொள்ள வேறு கத்தரி கிடையாது என்பது என் கட்சி. மற்றவர்கள் திரையில் படம் காட்டும் நேரத்தில் அவர் ஒரு நாற்பது பக்க நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டார். நெளிந்த ஓரங்கள், எண்ணெய்க் கறை. யாருக்கு எத்தனை பாட்டில், யார் பாக்கி, எந்தக் கடை திருப்பி அனுப்பியது, ஏன் அனுப்பியது, எல்லாம் அதில் இருந்தது.

"எதுக்கும்மா திருப்பி அனுப்பினாங்க?" என்று கேட்டேன்.

"மூடி வழியா எண்ணெய் கசியுது சார். லேபிள்ல எறங்கி எழுத்து அழிஞ்சி போவுது. கடைக்காரரு தட்டுல வெக்க மாட்டேங்கறாரு. நல்ல மூடி போட்டா பாட்டிலும் மூடியும் சேர்ந்து உள்ள இருக்கற தொக்கைவிட வெல ஜாஸ்தி ஆவுது."

அவர் பரிசுப் பணத்தைக் கேட்டதே மூடிக்குத்தான். நல்ல மூடி போடும் கை மெஷின் ஒன்று, மொத்தமாகப் பாட்டில் வாங்க முன்பணம், அவ்வளவுதான். கத்தரி மலிவாகக் கிடைக்கும் மாதத்தில் வதக்கி வைத்துக்கொண்டால் விலை ஏறும்போது கை கடிக்காது என்பதையும் நோட்டில் கணக்குப் போட்டிருந்தார். எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு எண் லேபிளில் இருந்தது. ஐந்து வருடத்தில் இத்தனை கோடி விற்பனை என்ற வரைபடம் மட்டும்தான் அவரிடம் இல்லை. பக்கத்து நடுவர் 'இதில் புதுமை எங்கே இருக்கிறது' என்றார். மூடி ஏன் கசிகிறது என்று தெரிந்துகொண்டு வந்திருப்பதே போதும் என்றேன். அன்றைக்கு அவருக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. என் கணக்கில் முதல் இடம்.

வங்கிக்காரன் புத்தி, இன்னொன்றையும் கவனிப்பேன். திட்டச் செலவு அரசு மானிய உச்சவரம்பை அப்படியே தொட்டுக்கொண்டு நிற்கிறதா என்று பார்ப்பேன். புதுத்தொழிலுக்குக் கடனோடு மானியம் தரும் மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை போகலாம் என்றால் 49 லட்சத்துச் சொச்சத்துக்குக் கொட்டேஷன் வரும். மெஷின் விலையே அவ்வளவா, மானியத்துக்காக அவ்வளவா என்று கேட்டால் முகம் மாறும். அந்த மானியம் மூன்று வருடம் வங்கியில் பூட்டிக் கிடக்கும், கையில் வராது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. 'பெரிய கம்பெனிக்குச் சப்ளை' என்கிறவர்களிடம் பணம் எத்தனை நாளில் வரும் என்று கேட்பேன். சிறு, குறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தரவேண்டும் என்று 2006ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. சட்டம் இருக்கட்டும், 90 நாள் பாக்கி நின்றால் சம்பளத்துக்கு என்ன செய்வீர்கள் என்பதற்கு ஒரு பதில் வேண்டும்.

ஊர் வளர்ச்சித் திட்டங்களுக்கு வருவோம். இங்கே நான் கொஞ்சம் கறாரான ஆள். கிராமத்தில் ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம் வைப்போம் என்று வருவார்கள். வைப்பது சுலபம். சவ்வு அடைத்துப் போனால் மாற்றக் காசு யார் தருவார்கள், சாவி யாரிடம் இருக்கும், வெளியேறும் உப்புத் தண்ணீர் எந்தப் பள்ளத்துக்குப் போகும்? பூட்டிக் கிடக்கும் இயந்திரங்களைப் பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. ஏரியில் சென்சார் வைத்து நீர்மட்டம் காட்டும் ஆப் என்று ஒரு அணி வந்தது. நீர்வரத்துக் கால்வாயில் முள்மரமும் வீடும் இருக்கும்போது சென்சார் எதைக் காட்டும்?

வறண்டு போன நாகநதி ஆற்றை மீட்க நடந்த வேலையை இந்த இடத்தில் நான் எப்போதும் சொல்வேன். வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் நூறு நாள் வேலையில் மண் வெட்டி, வட்டமான மழைநீர் செறிவுக் கிணறுகளை எடுத்தார்கள். அதில் ஆச்சரியமான தொழில்நுட்பம் எதுவும் கிடையாது. பள்ளம், சிமெண்ட் உறை, கல். ஆனால் கூலிக்கு வழி ஏற்கனவே இருந்த திட்டத்தில் இருந்தது, வேலை செய்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். போட்டி மேடையில் இது ஒரு பரிசும் வாங்காது என்று நினைக்கிறேன், விளக்கிய விதத்துக்கு 20 இருக்கிறதே.

அந்த 20தான் பல நல்ல அணிகளைக் காலி செய்கிறது. இங்கிலீஷில் சரளமாகப் பேசும் பிள்ளைகளுக்கு நடுவர் கை தானாக 16, 17 போடும். தமிழில் திக்கித் திக்கிப் பேசும் நெசவாளர் மகனுக்கு 9. உங்கள் அணி கிராமத்துக் கல்லூரி என்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சங்கடமில்லாமல் தமிழிலேயே பேசுங்கள், கேள்வியையும் தமிழில் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலான நடுவர்களுக்கு அது நிம்மதிதான்.

இன்னொரு காரணம் வெறும் கூட்டல் கணக்கு. ஒரு நடுவர் எல்லோருக்கும் 60 முதல் 75க்குள் போடுவார். இன்னொருவர் 30 முதல் 90 வரை போடுவார். இவர்கள் மதிப்பெண்ணை அப்படியே கூட்டினால் பரிசைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இரண்டாமவர்தான். ஆளுக்கு ஆள் வரிசை எண் போட்டு அதைக் கூட்டுவதும், வித்தியாசம் அதிகமுள்ள அணியை மட்டும் எடுத்து உட்கார்ந்து பேசுவதும் நியாயமான வழி. பேசுவதற்கு முன் தாளைக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மூத்தவர் வாயைத் திறந்ததும் மற்றவர் பேனா திருத்த ஆரம்பித்துவிடும். சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் அணிகள் பாவம். தலைமை விருந்தினர் வந்துவிட்டார் என்று சொல்லி ஏழு நிமிடத்தை மூன்றாக்கிவிடுவார்கள். நன்கொடை கொடுத்தவர் கல்லூரியைக் 'கொஞ்சம் கவனியுங்க சார்' என்று காதோரம் வந்தவர்களும் உண்டு. அப்படி வந்தால் அந்த அணிக்கு மதிப்பெண் போடாமல் தாளைத் தனியாக மடித்துக் கொடுத்துவிடுவேன்.

வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வரும் வங்காளக் குடும்பங்களுக்கு லாட்ஜ் புக் பண்ணும் ஆப் வருடம் தவறாமல் வரும். ஒரே ஒரு அணி மட்டும் பாபுராவ் தெருப் பக்கம் லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கிவிட்டு வந்து, 'ரூம் பிரச்சினை இல்லை சார், ரூமிலேயே சமைத்துச் சாப்பிடுகிறார்கள், அடுப்பும் பாத்திரமும் மீனும்தான் அவர்களுக்கு வேண்டியிருக்கிறது' என்றது. ஆப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பாத்திர வாடகை என்று திட்டத்தையே மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். அன்றைக்குத் தயங்காமல் 90 போட்டேன்.

அடுத்த முறை போகும்போது காசு கொடுத்து வாங்கிய ஒருவரின் பில்லாவது, ஊர்த் திட்டம் என்றால் பராமரிப்பை ஏற்பதாகப் பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்திட்ட கடிதமாவது கையில் இருக்கட்டும். முடிந்ததும் மொத்த மதிப்பெண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். தலைப்புவாரி மதிப்பெண் கேளுங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். அதையும் திட்டத்தையும் இங்கே கீழே எழுதினால், எந்தக் கேள்வியில் கழன்றது என்று என்னால் சொல்ல முடியும்.